பயணத்தில் எடுக்கும் முகங்கள்: கேமராவிலிருந்து கம்ப்யூட்டர் வரை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் முதலில் நிரப்புவது பெரும்பாலும் பாட்டும் போட்டோவும்தான். அதிலும் டூர் போய்வந்த போட்டோ என்றால் கேட்கவே வேண்டாம். கோயில் கோபுரம், மலை, அருவி, ஓட்டல் வாசல் என்று நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து அந்தப் போல்டரைத் திறந்து பாருங்கள். கோபுரத்தை வேகமாகத் தள்ளிவிட்டுப் போவீர்கள். டீக்கடைப் பாட்டியின் முகம் வந்தால் மவுஸ் தானாக நின்றுவிடும்.

அப்படி நிற்க வைக்கும் முகப்படத்தை எடுப்பது எப்படி, எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கையில் இருக்கும் செல்போனே போதும். ஆனால் முதலில் ஒரு கதை. இதில் கம்ப்யூட்டரும் வருகிறது, அதனால் அவசரப்படாமல் படியுங்கள்.

பெயர் தெரியாத பெண்

1984-ல் ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பாகிஸ்தானின் பெஷாவர் நகருக்கு அருகில் இருந்த நாசிர் பாக் அகதி முகாமுக்குப் போனார். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் இருந்த காலம். முகாமில் ஒரு கூடாரத்தில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. அங்கே சுமார் 12 வயதுப் பெண் ஒருத்தியைப் படம் எடுத்தார். பச்சைக் கண்கள், தலையில் கிழிசலான சிவப்பு முக்காடு. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது. உலகத்தில் அதிகம் பேர் பார்த்த முகப்படங்களில் ஒன்றாகிவிட்டது.

அவளுடைய பெயரை மட்டும் யாரும் குறித்துவைக்கவில்லை. 17 வருடங்கள் 'ஆப்கான் பெண்' என்றே உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. 2002 ஜனவரியில் மெக்கரியும் பத்திரிகைக் குழுவினரும் மறுபடியும் தேடிப் போனார்கள். அந்த முகாம் பற்றிய செய்தி பரவியதும் 'நான்தான் அது', 'என் மனைவிதான் அது' என்று சிலர் வந்தார்கள். கடைசியில் ஷர்பத் குலா என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தார்கள். முப்பது வயதை நெருங்கியிருந்தார், திருமணமாகிக் குழந்தைகளும் இருந்தார்கள். இவர்தான் அவர் என்று எப்படி நிரூபிப்பது?

இங்கேதான் நம் துறை உள்ளே வருகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மேன், கண்ணின் கருவிழிப் படலத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்தவர். 1994-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். நம் ஆதார் அட்டைக்குக் கண்ணை ஒரு கருவியில் காட்டச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? அதே வகைத் தொழில்நுட்பம்தான். கருவிழிப் படலத்தில் உள்ள கோடுகளையும் புள்ளிகளையும் சாப்ட்வேர் 2048 பிட் கொண்ட 0, 1 வரிசையாக மாற்றிக்கொள்ளும். இரண்டு கண்களின் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணும். வெவ்வேறு ஆட்களின் கண்கள் என்றால் ஏறக்குறையப் பாதி இடங்களில் வேறுபடும். நாணயத்தைச் சுண்டினால் பூவா தலையா என்பதுபோல. அதாவது விடை 0.5-ஐ ஒட்டி வரும். ஒரே கண் என்றால் வேறுபாடு நன்றாகக் குறையும்.

1984-ல் எடுத்த படத்தையும் 2002-ல் எடுத்த படத்தையும் டாக்மேன் ஒப்பிட்டபோது இடது கண்ணுக்கு 0.24, வலது கண்ணுக்கு 0.31 என்று வந்தது. வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தாலும், வேறொருவருடைய கண் தற்செயலாக இப்படிப் பொருந்த அறுபது லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். சந்தேகம் தீர்ந்தது. கருவிழியை அளப்பதற்காக யாரும் அந்தப் படத்தை எடுக்கவில்லை, அதுவும் பிலிமில் எடுத்தது. ஆனாலும் 17 வருடம் கழித்துக் கணக்குப் போட முடிந்தது. காரணம், போகஸ் துல்லியமாகக் கண்ணில் இருந்தது. முகப்படத்தில் மூக்கு கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, காது மங்கினாலும் பரவாயில்லை, கண் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும் என்று சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கதையின் அடுத்த பாதி அவ்வளவு இனிமையானது அல்ல. ஷர்பத் குலா அந்தப் படத்தை 2002 வரை பார்த்ததே இல்லை. படம் எடுத்த நாள் அவருக்கு நினைவிருந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆண் படம் எடுத்ததில் தனக்குக் கோபம் வந்ததும் நினைவிருந்தது. உலகமே வியந்த அந்தப் பார்வையில் இருந்தது ஒருவேளை அந்தக் கோபமாகவும் இருக்கலாம். 2016-ல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் அவரைக் கைது செய்து ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2021-ல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. எங்கே போனாலும் அந்தப் படமும் கூடவே போனது.

நீங்களும் நானும் எடுக்கும் படம் பத்திரிகை அட்டைக்குப் போகாது, உண்மைதான். ஆனால் இன்று ஒரு கிளிக்கில் எத்தனை ஆயிரம் பேருக்கு வேண்டுமானாலும் போகும். அதனால்தான் லென்சைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

கேட்டுவிட்டு எடுக்கலாமா, எடுத்துவிட்டுக் கேட்கலாமா?

கேட்டால் இயல்பான முகம் போய்விடும், விறைப்பாக நிற்பார்கள் என்பது பலருடைய வாதம். பாதி உண்மை. முதல் படத்தில் விறைப்பாகத்தான் நிற்பார்கள். அதை எடுத்து, திரையில் அவர்களிடம் காட்டுங்கள். சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அப்போது எடுக்கும் இரண்டாவது, மூன்றாவது படம்தான் உங்களுக்கு வேண்டியது. பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான், எடுத்ததை உடனே காட்டவும் முடியாது. அந்தக் கஷ்டம் நமக்கு இல்லையே!

மொழி தெரியாத ஊரில் என்ன செய்வது? கேமராவைக் காட்டி, புருவத்தை உயர்த்தி, தலையை ஆட்டினாலே புரிந்துவிடும். வடக்கே போனால் "ஏக் போட்டோ லே சக்தா ஹூம்?" என்று கேட்கலாம் (பெண்கள் "சக்தீ ஹூம்" என்று சொல்ல வேண்டும்). உச்சரிப்பு தப்பாக இருந்தால் இன்னும் நல்லது, அதிலேயே பாதி நட்பு வந்துவிடும். வேண்டாம் என்று கை காட்டினால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தூரத்தில் போய் நின்று ஜூம் செய்து எடுக்கும் வேலை வேண்டாம். குழந்தை என்றால் குழந்தையிடம் கேட்டால் போதாது, கூட இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள்.

சில இடங்களில் கேட்பதற்கே இடமில்லை. ராஜஸ்தானில் புஷ்கர் ஏரியின் படித்துறைகளில் நீராடுபவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். காசியில் மணிகர்ணிகா கட்டத்தில் சிதை எரியும்போது கேமராவை நீட்டினால் உறவினர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. அந்தமானில் ஜாரவா மக்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். அவர்கள் வாழும் காட்டின் வழியாகவே சாலை போவதால், வண்டிக்குள் இருந்து எடுத்தாலும் குற்றம்தான். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போஸ் கொடுப்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் போகிற ஊரைப் பற்றி இதையெல்லாம் ஒரு முறை தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

காசு கேட்டால்? புஷ்கர் ஒட்டகச் சந்தையில் வண்ணத் தலைப்பாகையோடு போஸ் கொடுத்துக் காசு வாங்குவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் வேலை. பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு எடுங்கள். பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கடைக்காரர் என்றால் அவரிடம் ஏதாவது வாங்குங்கள். டீ குடித்துவிட்டு எடுத்த படங்கள் எனக்குப் பெரும்பாலும் நன்றாகவே வந்திருக்கின்றன.

மூக்கு ஏன் பெரிதாகத் தெரிகிறது?

செல்போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். இது லென்சின் கோளாறு அல்ல, தூரத்தின் கணக்கு. போனுக்கும் மூக்கு நுனிக்கும் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காது இன்னும் 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது, ஆக 42. மூக்கைவிடக் காது 40 சதவீதம் அதிகத் தூரத்தில் இருப்பதால் அந்த அளவுக்குச் சிறிதாகிறது. இப்போது இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். மூக்கு 200, காது 212. வித்தியாசம் வெறும் 6 சதவீதம். முகம் நாம் நேரில் பார்ப்பது போலவே இருக்கும்.

தள்ளி நின்றால் முகம் படத்தில் சிறிதாகிவிடுமே? அதற்குத்தான் ஜூம். மெக்கரி அந்தப் படத்துக்குப் பயன்படுத்தியது 105 மில்லிமீட்டர் லென்ஸ். முகப்படத்துக்கு 85 முதல் 105 வரை நல்லது என்பது கேமராக்காரர்களின் பழைய வழக்கம். செல்போனின் முக்கிய லென்ஸ் அந்தக் கணக்கில் சுமார் 24 முதல் 28 வரைதான் இருக்கும். எனவே 2 மடங்கு அல்லது 3 மடங்கு என்ற பட்டனைத் தொட்டுவிட்டு, இரண்டு மூன்று எட்டு பின்னால் போய் எடுங்கள். உங்கள் போனில் தனியாக டெலி லென்ஸ் இல்லை என்றால் 2 மடங்குக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் இருக்கிற பிக்ஸெல்களையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், முகம் மெழுகு பூசியது போல் ஆகிவிடும்.

'போர்ட்ரெய்ட்' என்ற மோட் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னணியை மங்கலாக்குவது அங்கே லென்ஸ் அல்ல, சாப்ட்வேர். எது முன்னால், எது பின்னால் என்று கணித்து, பின்னால் உள்ளதை மட்டும் கலைத்துவிடும். கூந்தல், கண்ணாடிப் பிரேம், முக்காட்டின் நூல் போன்ற மெல்லிய ஓரங்களில் கணிப்பு தவறி அவற்றையும் சேர்த்துக் கலைத்துவிடுவது உண்டு. அந்த மோடில் ஒன்று, சாதாரண மோடில் ஒன்று என இரண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், பயணத்தில் எடுக்கும் படத்தில் பின்னணியும் வேண்டும்தானே? நெசவாளரை எடுத்தால் தறி தெரிய வேண்டும். அதைக் கலைத்துவிட்டால் அவரை எந்த ஊரில் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. உச்சிவெயிலில் எடுத்தால் கண் குழிக்குள் கருநிழல் விழும். அவரை டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே, கோயில் மண்டபத்தின் ஓரத்தில், ரயில் ஜன்னல் பக்கத்தில் இப்படி நிழலில் நிற்க வைத்து, முகம் வெளிச்சம் வரும் பக்கம் திரும்பியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைத் தலைப்பாகையும் வெயிலில் கறுத்த முகமும் சேர்ந்து வந்தால் கேமரா குழம்பும். வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தின் மீது ஒரு முறை தொடுங்கள். பல போன்களில் பக்கத்திலேயே ஒரு சூரியன் படம் வரும், அதை மேலும் கீழும் இழுத்துச் சரிசெய்யலாம். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

பெயரை அப்போதே எழுதுங்கள்

படம் எடுத்ததும் பெயர், ஊர், அஞ்சல் முகவரி அல்லது போன் நம்பர் மூன்றையும் ஒரு சிறு நோட்டில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் பக்கத்துக் கடைக்காரர் எழுதிக்கொடுப்பார். பிறகு அந்த நோட்டுப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். முகத்துக்கு அடுத்த படமே பெயர் என்று வரிசையாக இருப்பதால் வீட்டுக்கு வந்தபின் குழப்பம் வராது. 'போட்டோ அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டு வந்தால் அனுப்பத்தான் வேண்டும். சுற்றுலா ஊர்களில் அந்த வாக்குறுதியை அவர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள்.

இனி கம்ப்யூட்டர் வேலை. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்ததும் போனின் மேலே ஒரு அறிவிப்பு வரும். அதைத் தொட்டு 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் போன் சார்ஜ் மட்டும் ஏறும், கம்ப்யூட்டரில் படம் எதுவும் தெரியாது. பிறகு 'திஸ் பிசி'யில் போனின் பெயரைத் திறந்து டிசிஐஎம் என்ற போல்டருக்குள் 'கேமரா' போல்டரைத் திறக்கவும். டிசிஐஎம் என்பது டிஜிட்டல் கேமரா இமேஜஸ் என்பதன் சுருக்கம், ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் இதே பெயர்தான். வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து 'காப்பி' செய்யுங்கள். 'கட்' செய்ய வேண்டாம். பாதியில் கேபிள் ஆடினால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடலாம். 'பிக்சர்ஸ்' போல்டருக்குள் '2024-11 புஷ்கர்' என்பது போல வருடம், மாதம், ஊர் என்ற வரிசையில் ஒரு போல்டர் உருவாக்கி அதில் பேஸ்ட் செய்யுங்கள். இந்த வரிசையில் பெயர் வைத்தால் போல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். தமிழிலும் பெயர் வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். எல்லாம் வந்துவிட்டதா என்று திறந்து பார்த்து, வெளியே ஒரு பென்டிரைவிலோ ஹார்டுடிஸ்கிலோ இன்னொரு பிரதி எடுத்த பிறகுதான் போனில் இருப்பதை அழிக்க வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017 முதல் ஐபோன்கள் எச்இஐசி என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. சில கம்ப்யூட்டர்களில் அது திறக்காது. போனின் செட்டிங்ஸில் 'கேமரா', 'பார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் அதன் பிறகு எடுப்பதெல்லாம் ஜேபெக் ஆகவே வரும்.

இப்போது நோட்டில் உள்ள பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஜேபெக் பைலின் மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்', அதில் 'டீடெயில்ஸ்' பக்கத்தைத் திறக்கவும். 'டைட்டில்' என்பதற்கு எதிரே கிளிக் செய்து பெயரையும் ஊரையும் டைப் செய்து ஓகே கொடுங்கள். அவ்வளவுதான். பைல் எங்கே போனாலும் பெயரும் சேர்ந்து போகும்.

அதே பக்கத்தை இன்னும் கீழே இறக்கிப் பாருங்கள். எந்தக் கேமரா, எந்த நாள், எத்தனை மணி என்ற விவரங்களோடு சில படங்களில் 'ஜிபிஎஸ்' என்று ஒரு தலைப்பும் இருக்கும். எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் உள்ளன. அந்த எண்களை ஒரு மேப்பில் கொடுத்தால் அந்தத் தெருவையே, சில சமயம் வீட்டையே காட்டிவிடும். உங்களுக்கு இது வசதி. படத்தில் இருக்கும் பெண்ணுக்கோ குழந்தைக்கோ இது ஆபத்தாகவும் முடியலாம். முகம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம், வீட்டு வாசல் ஒரு பக்கம், எல்லாம் ஒரே பைலில்!

அதனால் அசலை உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கொடுக்க வேறு பிரதி உருவாக்குங்கள். 'டீடெயில்ஸ்' பக்கத்தின் அடியில் 'ரிமூவ் பிராப்பர்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதைக் கிளிக் செய்து, முதலில் வரும் 'கிரியேட் எ காப்பி' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் விவரங்கள் நீங்கிய ஒரு பிரதி அதே போல்டரில் வந்து உட்காரும். இணையத்தில் போடுவது என்றால் இந்தப் பிரதியைப் போடுங்கள், அதுவும் படத்தில் இருப்பவர் சம்மதித்திருந்தால் மட்டும். என்னைப் படம் எடு என்று சொன்னவர் ஊருக்கெல்லாம் காட்டு என்று சொல்லவில்லையே.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோ என்று அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடும், கூடவே படமும் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் படம் சுருங்காது, ஆனால் இடவிவரமும் அப்படியே போகும். இரண்டையும் நினைவில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அவருக்கே அவருடைய படத்தை அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பலாம், வேண்டுமானால் அவர் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொள்வார்.

படத்தைத் திருத்துவது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் அல்லது இர்பான்வியூ போதும். ஓரத்தை வெட்டலாம், இருட்டான முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம். தோலின் நிறத்தை வெளுப்பாக்குவதும் சுருக்கங்களை அழிப்பதும் வேண்டாம். எழுபது வயதுக்காரர் தம் முகத்தை நாற்பது வயதாக்கித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. செய்ததை எப்போதும் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். ஜேபெக் பைலைத் திருத்தித் திருத்தி அதன் மேலேயே சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும்.

கடைசியாகப் பிரிண்ட். 4×6 அங்குலப் படத்துக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1200×1800 பிக்ஸெல், அதாவது சுமார் 22 லட்சம் பிக்ஸெல் போதும். 12 மெகாபிக்ஸெல் போனில் அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்கிறது, எனவே பாதிக்குப் பாதி வெட்டினாலும் கவலை இல்லை. பென்டிரைவில் போட்டு ஸ்டுடியோவில் கொடுத்தால் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரைவிடச் செலவும் குறைவு, நாளும் அதிகம் தாங்கும். ஆளுக்கு இரண்டு பிரதி போடுங்கள், ஒன்று எப்படியும் உறவினர் கைக்குப் போய்விடும். படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், முகத்தில் தடம் விழும். கவருக்குள் படத்தோடு ஒரு பழைய காலண்டர் அட்டையை வைத்து அனுப்பினால் மடங்காது. முகவரி இந்தியில் இருந்தால் அதைப் பார்த்து வரைய வேண்டியதில்லை. நோட்டுப் பக்கத்தின் போட்டோ இருக்கிறதே, முகவரி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிப் பிரிண்ட் எடுத்துக் கவர் மேல் ஒட்டிவிடுங்கள். பின்கோடை மட்டும் கீழே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள், அது தெளிவாக இருந்தால் கிராமம் வரைக்கும் போய்ச் சேரும்.